விலை பாதி, செலவு முழுசு!
5 லட்சத்தில் பழைய பிரீமியம் ஹேட்ச்பேக் வாங்கப் போகிறவர்களுக்கு

2025 செப்டம்பர் 22-ம் தேதி மாருதி பலேனோவின் ஆரம்ப எக்ஸ் ஷோரூம் விலை 6 லட்ச ரூபாய்க்குக் கீழே இறங்கியது. 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் இன்ஜின் என்ற வரம்பில் வரும் கார்களுக்கு அதுவரை 28 சதவிகித ஜி.எஸ்.டி., அதற்கு மேல் செஸ் என்று இருந்த வரி, அன்றுமுதல் 18 சதவிகிதம் ஆனது. புது கார் வாங்கக் காத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். பழைய கார் விற்கக் காத்திருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய கார் விற்கும் கன்சல்டிங் வாசலில் நிற்கிற வண்டிகளின் மதிப்பும் அதோடு இறங்கியாக வேண்டும். ஆனால், விற்பவர் மனசில் இருக்கும் ரேட் அவ்வளவு சீக்கிரம் இறங்குமா என்ன?

அதனால், 5 லட்ச ரூபாயோடு பழைய பிரீமியம் ஹேட்ச்பேக் தேடிக் கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பழைய காரை அல்ல. அதே காரின் இன்றைய புது விலையை. 2021 பலேனோவுக்கு ஒருவர் ஐந்தரை லட்சம் சொன்னால், 'நான் வாங்கினப்போ 8 லட்சம் சார்' என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அது அவர் கணக்கு. இன்றைக்கு ஷோரூமில் அந்த வேரியன்ட் என்ன விலை, அதிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு தேயும் என்பதுதான் உங்கள் கணக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைப் போடும்போது மூன்றாவது ஆண்டு முடிவில் 30, நான்காவது ஆண்டு முடிவில் 40, ஐந்தாவது ஆண்டு முடிவில் 50 சதவிகிதம் கழிக்கிறார்கள். சந்தை விலை அப்படியே அந்தக் கோட்டில் ஓடாது. இருந்தாலும் பேரத்தைத் தொடங்க அது நல்ல இடம்.

இன்னொரு கணக்கைப் பெரும்பாலானவர்கள் போடுவதில்லை. 9 லட்சம் போன கார் ஏழு வருஷத்தில் 4 லட்சத்துக்கு வந்துவிடுகிறது. அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை அப்படி இறங்கி வருவதில்லை. ஹெட்லேம்ப், ஏ.சி. கம்ப்ரஸர், அலாய் வீல், டச் ஸ்கிரீன் எல்லாம் 9 லட்ச ரூபாய் காரின் விலையிலேயே நிற்கும். மேல் வேரியன்ட்டின் ஒரு எல்.இ.டி. ஹெட்லேம்ப் உடைந்தால், ஆல்டோவுக்கு நான்கு டயரும் மாற்றுகிற காசைக் கேட்கும். சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் கழற்றிய பாகங்கள் கிடைக்கலாம். ஆனால் நிறைய விற்ற வண்டிக்குத்தான் அங்கேயும் தாராளமாகக் கிடைக்கும். கையில் 5 லட்சம் என்றால் வண்டிக்கு 4 லட்சம், மீதி ஒரு லட்சத்தில் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், டயர், பேட்டரி, முதல் சர்வீஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழு 5 லட்சத்தையும் ஓனர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர், மூன்றாவது மாதம் சஸ்பென்ஷன் வேலைக்கு நகைக்கடன் வாங்குவார்.

எந்த வண்டி?

இந்த ரகம் நம் ஊரில் வேர்விட்டது 2008-ல். ஃபேபியா, ஐ20, ஜாஸ், புன்ட்டோ, போலோ என்று இரண்டரை வருஷத்துக்குள் வரிசையாக வந்தன. சின்ன காரில் பெரிய காரின் சொகுசு என்பது அப்போது புதுசு. அவற்றில் ஃபேபியாவையும் புன்ட்டோவையும் இன்று யாராவது ஒரு லட்சத்துக்குக் கொடுத்தாலும், பக்கத்தில் கைராசியான மெக்கானிக் இல்லாதவர்கள் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். புன்ட்டோவைச் செய்த ஃபியட் நம் நாட்டில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. மற்றவை இன்றும் பேச்சில் இருக்கின்றன.

பலேனோ 2015 அக்டோபரில் வந்தது. எடை குறைவு, மைலேஜ் அதிகம், எந்தத் தாலுகாவிலும் சர்வீஸ் கிடைக்கும், விற்கும்போதும் கை கடிக்காது. அறிமுகமான நாளிலிருந்தே எல்லா வேரியன்ட்டிலும் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். உண்டு. பழைய கார் சந்தையில் அலைகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. குறை என்றால், பாடி லேசு என்ற பேச்சு. 2021-ல் லத்தீன் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் இந்தியாவில் தயாரான பலேனோ ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை என்பது உண்மை. 2019 மாடல் பார்க்கிறீர்கள் என்றால் ஒன்றை மறக்காமல் கேளுங்கள். 2019 ஜனவரி 8 முதல் நவம்பர் 4 வரை தயாரான 78,222 பெட்ரோல் பலேனோக்களை ஃபியூவல் பம்ப் பிரச்னைக்காக 2020-ல் மாருதி திரும்ப அழைத்தது. மாற்றியாகிவிட்டதா என்பதை சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனியிடமே உறுதி செய்துகொள்ளலாம்.

இதே கார்தான் 2019 ஜூனில் டொயோட்டா லோகோவோடு க்ளான்ஸா என்று வந்தது. பலேனோவுக்கு 2 ஆண்டு வாரன்ட்டி இருந்த காலத்தில் இதற்கு 3 ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் கொடுத்தார்கள். ஒரே வயது, ஒரே கிலோமீட்டரில் பலேனோவும் க்ளான்ஸாவும் ஒரே விலைக்கு நின்றால், நான் க்ளான்ஸாவை எடுப்பேன்.

ஐ20 நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பிறக்கிற வண்டி. 5 லட்சத்துக்குள் பெரும்பாலும் கைக்கு வருவது 2014 ஆகஸ்ட்டில் வந்த எலீட் ஐ20. உள்ளே உட்கார்ந்தால் இன்றைக்கும் பழசு என்று தோன்றாது. 1.2 பெட்ரோல் நிதானமானது. ஓவர்டேக் செய்யும்போது கியரைக் குறைக்கச் சொல்லும். 1.4 டீசல் நெடுஞ்சாலைக்கென்றே செய்ததுபோல் ஓடும். ஆரம்பகாலக் கீழ் வேரியன்ட்களில் ஏர்பேக் விஷயத்தில் கஞ்சத்தனம் உண்டு. ஆர்.சி.யில் மாடல் பெயரைப் படித்து, அந்த வேரியன்ட்டில் என்னென்ன வந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

போலோ வாங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால் கதவைச் சாத்திக் காட்டுவார்கள். அந்த 'டம்' சத்தத்துக்கே பாதி பணம் போகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் ஏர்பேக் இல்லாத போலோ 2014 குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் பூஜ்யம்தான் வாங்கியது. உடனே இரண்டு ஏர்பேக்கை எல்லா வேரியன்ட்டிலும் கட்டாயமாக்கி, மறுபடி சோதித்தபோது 4 நட்சத்திரம் கிடைத்தது. அதே கதவு, அதே சத்தம்! ஆகவே 2014-க்கு முந்தைய கீழ் வேரியன்ட் போலோவைப் பாதுகாப்புக்காக வாங்குகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். பின் சீட்டில் இடம் குறைவு. அம்மா அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அவர்கள் முட்டி முடிவு சொல்லும். ஜி.டி. டி.எஸ்.ஐ. என்ற வேரியன்ட்டில் வந்த 7 கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் ஓட்டுவதற்கு அபாரமாக இருக்கும். அதில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் மண்டையைப் போட்டால், வண்டி விலையில் கால் பங்கை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். வாரன்ட்டி முடிந்த டி.எஸ்.ஜி.யை 5 லட்ச பட்ஜெட்காரர் தொடவே கூடாது என்பது என் பிடிவாதமான கருத்து. போலோ மீது காதல் என்றால் மேனுவல் எடுங்கள். 2022-ல் இங்கே விற்பனை நின்றாலும் கம்பெனி இருக்கிறது, பாகங்கள் வருகின்றன. சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் முதலிலேயே அளந்துவிடுங்கள்.

ஜாஸ்தான் இந்தக் கூட்டத்தில் விலை தெரியாமல் கிடக்கும் வண்டி. 2009-ல் வந்தபோது விலை தூக்கலாக இருந்ததால் ஓடவில்லை. 2015-ல் திரும்பி வந்தபோது ஐ20-க்கும் பலேனோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 2023-ல் கடையைக் கட்டியது. நின்றுபோன மாடல் என்று விலையைக் குறைத்துக் கேட்க இது வசதி. 354 லிட்டர் டிக்கி, தரையோடு தாழ்ந்த வாசல், பின் சீட்டில் காலை நீட்டி உட்காரும் இடம். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிட வசதியான 4 மீட்டர் கார் வரவில்லை என்பேன். பின் சீட்டின் அடிப்பலகையை மேலே மடிக்கும் 'மேஜிக் சீட்' எல்லா வேரியன்ட்டிலும் இல்லை, நேரில் மடித்துப் பார்த்து நம்புங்கள். சி.வி.டி. ஆட்டோமேட்டிக் நகரத்துக்கு நன்றாகவே ஒத்துவரும்.

அல்ட்ரோஸ் 2020 ஜனவரியில்தான் வந்தது; அந்த மாதமே குளோபல் என்.சி.ஏ.பி.யில் 5 நட்சத்திரம் வாங்கியது. இளம் வயது வண்டியே இந்த பட்ஜெட்டில் கிடைக்கும். 3 சிலிண்டர் பெட்ரோலின் அதிர்வும் மந்தமும் சிலருக்குப் பிடிக்காது. சென்சார், ஸ்கிரீன் தொல்லை பற்றி ஓனர்கள் புலம்புவதையும் கேட்கலாம். ஆகவே சர்வீஸ் ஹிஸ்டரியைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். பாதுகாப்புதான் முதல் அக்கறை என்றால் இதுதான் வண்டி.

எந்த வண்டியானாலும் நான் சொல்வது நடு வேரியன்ட். பலேனோவை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் வேரியன்ட்டில் 185/65 ஆர்15 டயர், மேல் வேரியன்ட்டில் 195/55 ஆர்16. பெரிய சக்கரம் பார்வைக்கு அழகு. பக்கச்சுவர் குட்டை என்பதால் நம் சாலைப் பள்ளத்தில் டயர் வீங்குவதும் அலாய் வளைவதும் அதில்தான் அதிகம். மாற்றும்போது விலையும் கூடுதல். பழைய காரில் கெட்டுப்போகக்கூடிய வசதிகள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது.

டீசலா, பெட்ரோலா? தினம் 60, 70 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டாதவர்கள் இந்தக் கேள்வியையே விட்டுவிடலாம், பெட்ரோல்தான். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசலில் புகைத்தூசியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் உண்டு. பள்ளிக்கூடம், கடை, வீடு என்று சுற்றுகிற வண்டியில் அது சூடாகி எரிக்க வாய்ப்பே கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். டெல்லிப் பதிவெண் டீசல் கார்கள் இங்கே மலிவாக வருவதற்குக் காரணம் உண்டு. அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசலுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலுக்கும் வந்த கட்டுப்பாட்டை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டி.என். நம்பர் வாங்கி முடிக்கும்போது அந்த மலிவு எங்கே போனது என்று தேடுவீர்கள்.

பெட்ரோலிலும் ஒரு புதுச் சிக்கல். பங்க்கில் இப்போது வருவது 20 சதவிகித எத்தனால் கலந்த எரிபொருள். அதற்கேற்ற பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரல் முதல். அதற்கு முந்தைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும். நாளானால் ரப்பர் குழாய், சீல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிவரும். வண்டியே வேண்டாம் என்று ஓடும் அளவுக்கு இது பெரிய விஷயமல்ல. விற்பவர் சொல்லும் மைலேஜில் ஒன்றிரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.

காலையில் போங்கள்

'டாக்டர் வண்டி சார்', 'லேடீஸ் ஓட்டினது', 'சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்.' இந்த மூன்றையும் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் பழைய கார் வாங்கியதில்லை. காதைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டுக் கண்ணாலும் மூக்காலும் பாருங்கள்.

நேரம் முக்கியம். 'நான் வந்து ஸ்டார்ட் பண்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க' என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கும் என்பதை நீங்கள் பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மேலே மூடியை மட்டும் ஒட்டி, விளக்கின் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். பிரீமியம் ஹேட்ச்பேக்கில் நாம் கூடுதல் காசு கொடுப்பதே இந்த ஏர்பேக்குக்கும்தான்.

மீட்டரைக் குறைப்பது இன்று லேப்டாப்பில் சில நிமிட வேலை. ஆனால் டயரைக் குறைக்க முடியாது. டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 2017 மாடல், ஓடியது 28,000 கிலோமீட்டர் என்று சொல்கிற வண்டியில் நான்கு டயரும் 2021-ல் தயாரானவை என்றால், முதல் செட் எங்கே தேய்ந்தது என்று கேளுங்கள். ஸ்டியரிங்கின் பளபளப்பு, கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானம், டிரைவர் சீட்டின் ஓரம் ஆகியவையும் சாட்சி சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைச் சொன்னால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற கணக்கு இருக்கும். ஓனரையே கூட அழைத்துப் போய்க் கேட்டால் மறுப்பு வராது. ஓனர் வர மறுத்தால் உங்கள் தேடலில் ஒரு வண்டி குறைந்தது.

டிங்கரிங் வேலையைக் கண்டுபிடிக்கக் கதவைத் தட்டிப் பார்ப்பதைவிட போல்ட்டைப் பாருங்கள். பானட் கீல், ஃபெண்டர், கதவு இவற்றின் போல்ட் தலைகளில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. பம்பர் மாற்றியது, கதவில் பட்டி பார்த்தது எல்லாம் நம் ஊர் டிராஃபிக்கில் சகஜம், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரியும் அப்ரானிலும், கதவுகளுக்கு நடுவே இருக்கும் பில்லரிலும், டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே இருக்கும் தகட்டிலும் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்கும். அங்கே கை வைத்திருந்தால் பேரமே பேசாதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிதான் இருப்பதிலேயே ஆபத்தான சரக்கு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றன என்பதைப் பார்த்தோம். பழுது பார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகக் கணக்கெழுதி, வண்டியை உடைசலாக ஏலத்தில் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் எல்லோரும் அதை உடைத்துவிடுவதில்லை. சென்னைப் பதிவெண் வண்டி வெளியூரில், மார்க்கெட்டைவிட முக்கால் லட்சம் குறைவாகக் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுத்தம் செய்கிறவர்கள் மறந்துபோகிற இடம் அதுதான், அடியில் சேற்றுக் கோடு நிற்கும். முன் சீட்டுகளைத் தரையோடு பிணைத்திருக்கும் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரவாடை, ஹெட்லேம்ப்புக்குள் நீர்த்தடம். ஏ.சி.யை வேகமாக வைத்து மோந்து பாருங்கள். காரில் அளவுக்கு மீறி சென்ட் அடித்திருந்தால் எல்லாக் கண்ணாடியையும் மூடிவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். இந்த ரக வண்டியில் வயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் அதிகம். தண்ணீர் பட்டால் இன்றே நிற்காது. ஒரு வருஷம் கழித்து ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும்.

காரின் கோளாறு கோடுகளைப் படிக்கும் புளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது, போனோடு இணைக்கலாம். அதில் கோளாறு எதுவும் வராததுகூட முழு நிம்மதி இல்லை. நேற்றுத்தான் யாராவது அழித்திருந்தால், வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகள் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டும். 2,000 ரூபாய் கொடுத்தாவது அந்த பிராண்டில் வேலை பார்த்த மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போங்கள். கன்சல்டிங்காரர் சிபாரிசு செய்கிற மெக்கானிக் வேண்டாம்.

காகிதம்

வண்டியில் ஒரு கீறல் இருந்தால் சரிசெய்துவிடலாம். ஆர்.சி.யில் ஒரு வரி தவறினால் நடையாய் நடக்க வேண்டும். பதிவெண்ணைப் போட்டால் எம்.பரிவாஹனில் எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, லோன் நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். லோன் அடைந்துவிட்டது என்று வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வந்து, ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் பதிவு ரத்தாக வேண்டும். செலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள்.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'அப்புறமா மாத்திக்கலாம்' என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். சட்டப்படி அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கார் ஒருவர் மாற்றி ஒருவராகப் பல கை மாறியிருந்தது. யாரும் பெயரை மாற்றவில்லை. விபத்து நடந்தபோது இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆளின் தலையில்தான் விழுந்தது. ஆகவே, விவரம் தெரிந்த ஓனர் பெயர் மாற்றத்துக்கு உங்களைவிட அவசரப்படுவார். அவசரப்படாத ஓனர், உண்மையிலேயே ஓனர்தானா என்று பாருங்கள். இரண்டு கை மாறுவதற்கு முன் விற்றவரின் கையெழுத்து வெற்றுப் படிவத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்களும் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் வண்டி மோதினால், சொந்த வண்டியின் சேதத்துக்கு கம்பெனி கை விரித்துவிடும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்குத்தான் சொந்தம், அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்டவேண்டும். நான்கைந்தாயிரம் ரூபாய் இப்படித் திடீரென்று வந்து நிற்கும்.

கம்பெனிகளே நடத்தும் பழைய கார் ஷோரூம்களில் விலை கூடுதல்தான். தேர்ந்தெடுத்த வண்டிகளுக்கு வாரன்ட்டியும் சில இலவச சர்வீஸும் உண்டு. முதல்முறை கார் வாங்குகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை வீண் இல்லை என்பேன். டீலர் ஜி.எஸ்.டி. என்று தனியாக ஒரு தொகை கேட்டால் யோசியுங்கள். 18 சதவிகித வரி டீலரின் லாபத்தின் மீதுதான், வண்டியின் முழு விலை மீது இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை உங்களுக்கு விற்றால் அதில் ஜி.எஸ்.டி.யே கிடையாது.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்று காலை 11 மணிக்கு சிக்னல் தாண்டிய அபராதம் யாருடையது என்பது அதில்தான் தீரும். பழைய ஃபாஸ்டேக்கை அவர் முன்னாலேயே உரித்து எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக இரண்டாவது சாவி. பட்டன் ஸ்டார்ட் வண்டிக்குப் புது சாவி செய்து புரோகிராம் பண்ண ஆயிரக்கணக்கில் ஆகும். 'வீட்ல எங்கயோ இருக்கு சார், தேடி அனுப்பறேன்' என்று சொன்னால், அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்.